கிராணியார் குத்திய மூன்று சாப்பா

மலாயாவில், கூனன் ரப்பர் தோட்டத்து ஆபீசின் தலைமைக் கணக்கப்பிள்ளையான பெரிய கிராணி திருநாவுக்கரசு அருமையாகப் படம் போடுவார் என்று ஜெலுபு வட்டாரத்துத் துரைமார் எல்லாரும் நம்பினார்கள். அவருக்கு ஒரு நேர்கோடு போட இரும்பு ரூலர் வேண்டும். போடும்போது அதையும் நகர்த்திவிடுவார். படங்களைப் போட்டதெல்லாம் அவர் மனைவி சௌந்தரவல்லி. இந்த உண்மை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அவளும் அவரும். அதில் ஒருவர் அதை மறந்துவிட முழுமூச்சாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

சௌந்தரவல்லி சிரம்பான் தெமியாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த நாகநாதனின் மகள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் வயதுக்கு வரும்வரை படித்தாள். அங்கே ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் பிள்ளைகளுக்கு நீர்வண்ணம் சொல்லிக்கொடுப்பதாகப் பேர். அந்த அம்மாளுக்கு வந்தது ரோஜாப்பூவும் ஆட்டுக்குட்டியும்தான். அந்த ஆட்டுக்குட்டிகளின் அசட்டு முகத்தைப் பார்த்து முதல் நாளே இவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் ஈரக் காகிதத்தில் வைத்த நீலம் தன் பாட்டுக்கு ஓடிப் பரவியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வகுப்பு முழுக்க ரோஜாப்பூ போட, இவள் மூலையில் உட்கார்ந்து வண்ணத்தை ஓடவிட்டுக்கொண்டே இருந்தாள். உங்கள் பெண்ணுக்கு நல்ல கை என்று சிஸ்டர் ஆள் விட்டுச் சொன்னார். கை இருக்கிறதல்லவா, சமைக்கட்டும் என்று நாகநாதன் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்.

அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை பெரிய கிராணி, ஆபீஸ் வீடு, சைக்கிள், வாரத்துக்கு இரண்டு முறை வெளுத்த கால்சட்டை என்று தெமியாங்கே வாயைப் பிளந்தது. சௌந்தரவல்லிக்கு ஆளைப் புரிந்துகொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆபீசில் டெலிபோன் மணி அடித்தால் திருநாவுக்கரசு முதலில் நாற்காலியை விட்டு எழுவார், கழுத்துப் பொத்தானைப் போடுவார், அப்புறம்தான் டெலிபோனை எடுப்பார். அந்தப் பக்கம் துரை இருந்தால் கம்பிக்குள் இருக்கும் அந்தக் குரலுக்குக் குனிந்து கும்பிடுவார். சோற்றுக் கூடையைக் கொடுக்க வந்தவள் வாசலில் நின்று இதைப் பார்த்தாள். இந்த ஆளுக்கா நாம் தினம் காலையில் இட்லி அவிக்கிறோம் என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

தோட்டத்துக்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. எந்தக் காலத்திலோ முதுகு வளைந்த துரை ஒருவன் இருந்தானாம், அதனால் கூனன் தோட்டம். இப்போதைய துரைக்கு முதுகு நேர்தான். அவருக்கு முன்னால் நிற்பவர்களுக்குத்தான் வளைந்துவிட்டது என்று சௌந்தரவல்லி நினைத்துக்கொள்வாள்.

நாற்பத்தெட்டில் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் வந்து பக்கத்துத் தோட்டத்தில் லாரியைக் கொளுத்தினார்கள். தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டிச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். கேட்டில் சோதனை, ஊரடங்கு, அரிசிக்கு ரேஷன். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவன் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடுவானாம். ஊரே நொந்துபோயிருந்த நேரத்தில் ஒரே ஒருவர் முகம் மட்டும் மலர்ந்தது. முன்பெல்லாம் ஒரு காகிதத்துக்கு ஒரு சாப்பா, ஒரே ஒரு முத்திரை, போதும். இப்போது ஆபீஸ் சாப்பா, ரேஷன் சாப்பா, கேட் சாப்பா என்று மூன்று. மூன்றும் திருநாவுக்கரசின் மேசையில். டக், டக், டக் என்று அவர் குத்துவது தபால் வராந்தாவரை கேட்கும். மூன்று சாப்பா விழாத காகிதம் அவர் கண்ணுக்குக் காகிதமே இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் வயிற்றுப்போக்கு என்று எழுதிய லீவு கடிதத்துக்கும் மூன்று. ஒரு முறை சௌந்தரவல்லி தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்துக்கே மூன்றைக் குத்திக் கொண்டுவந்தார். ஏன் என்று கேட்டதற்கு, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துச் சுவரில் போலீஸ் கொடுத்த சுவரொட்டிகளை ஒட்டியதும் அவர்தான். துப்பாக்கியோடு ஒருவன், தலையில் தொப்பி, தொப்பியில் மூன்று சிவப்பு நட்சத்திரம். தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எச்சரிக்கை. பிந்தாங் தீகா, மூன்று நட்சத்திரக்காரன் என்றால் அந்த நாளில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் யாரென்று தெரியும். திருநாவுக்கரசு பசை தடவி, சுருக்கமில்லாமல் நீவி, நான்கு மூலையும் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஒட்டுகிற வேலையில் இருப்பவர் படத்தைப் பார்க்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

வேலிக்குள் அடைபட்ட பிறகு சௌந்தரவல்லிக்குப் போக இடமில்லை. சாயங்காலம் ஆனால் சின்னக் கிராணி மனைவி, ஆஸ்பத்திரி டிரெசர் மனைவி எல்லாரும் கூடி எந்த வீட்டில் கோழி அடித்தார்கள் என்று ஆராய்ச்சி செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் உட்காருவதைவிட வேலிக்கம்பியை எண்ணலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சிரம்பானிலிருந்து ஒரு வண்ணப்பெட்டியும் கெட்டிக் காகிதமும் வரவழைத்தாள். வாழ்த்து அட்டை செய்ய ஆரம்பித்தாள்.

அது ஒன்றில்தான் அவளுக்கு யார்மீதும் இளக்காரம் இல்லை. மத்தியானம் கதவைச் சாத்திக்கொள்வாள். காகிதத்தைப் பலகையில் வைத்து ஈரத்துணியால் துடைப்பாள். மேலே நீலத்தையும் கொஞ்சம் கருப்பையும் வைத்துப் பலகையைச் சாய்த்தால், வண்ணம் இறங்கி ஜெலுபு மலையில் காலைப் பனி கவிந்த மாதிரி வரும். அந்த ஈரம் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கல் உப்பைத் தூவுவாள். உப்பு வண்ணத்தை உறிஞ்சி வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். பால்மரம் வேண்டிய இடத்தில் முன்கூட்டியே மெழுகுவர்த்தியைத் தேய்த்திருப்பாள். அங்கே வண்ணம் ஒட்டாது, மரம் வெளுப்பாக நிற்கும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அச்சு. கிராணியார் தேய்த்துப் போட்ட கேன்வாஸ் சப்பாத்தின் ரப்பர் அடியைப் பிளேடால் செதுக்கி, பால்மரத்து இலை, கொட்டை, ஒரு இருவாட்சிப் பறவையின் தலை என்று அச்சுகள் செய்து வைத்திருந்தாள். மையைத் துணிப்பொட்டலத்தில் தொட்டு அச்சின்மேல் மெல்ல ஒற்றி, நேராக வைத்து, நேராக எடுப்பாள். அவர் ஆபீசில் குத்துகிற குத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் தோட்டத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் துரை பங்களாவுக்கு மாலை, எலுமிச்சம்பழம், பழத்தட்டோடு போவது வழக்கம். கங்காணி நல்லசாமி வெள்ளைத் தலைப்பாகையோடு வருவார், பிஸ்கட்டைத் தின்னாமல் மடியில் கட்டிக்கொண்டு போவார். வேலி வந்த வருஷம் திருநாவுக்கரசு தட்டில் சௌந்தரவல்லியின் அட்டை ஒன்றையும் வைத்துக்கொண்டு போனார். துரைசானி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உப்புப் பூத்த வெள்ளையைப் பனிமழை என்றாள். எங்கள் ஊரில் இப்படித்தான் என்று அவளுக்குக் கண்கூடக் கலங்கியதாம். யார் செய்தது என்று கேட்டாள். நான்தான் மேடம் என்றார் கிராணியார்.

வீட்டுக்கு வந்து இதைப் பெரிய சாதனை மாதிரி அவரே சொன்னார். சௌந்தரவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"என்னா வள்ளி, அவ்ளோ பெரிய மனுசி கேக்குறா. எம் பொண்டாட்டி செஞ்சதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருந்திருக்கும்" என்றாள் அவள்.

அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே கதை. அட்டையின் பின்னால் அவர் கையெழுத்து, பெரிய கிராணி என்ற பதவியோடு. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் அவரைக் கண்டால் கலைஞரே என்கிற மாதிரி ஏதோ சொல்லித் தோளில் தட்டினார்கள். தட்டிய இடத்தை அவர் இரண்டு நாள் தேய்த்துக் குளிக்கவில்லை. சௌந்தரவல்லிக்கு அந்தத் துரைமார் புகழ்ச்சி ஒரு பொருட்டே இல்லை. உப்பைப் பனி என்று நினைக்கிறவர்கள் மெச்சி என்ன, மெச்சாமல் என்ன? ஆனால் தன் கை செய்ததன் பின்னால் தன் பெயர் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தீராத ஆசையாகிவிட்டது. வேறு எதையும் அவள் அந்த மனிதரிடம் கேட்டதில்லை. பட்டுச்சேலை கேட்டதில்லை, சினிமா கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டாள். பெண்பிள்ளை பெயர் கண்ட ஆம்பிளை கையில் போகலாமா என்று அவர் பெரிய மானஸ்தர் மாதிரி பேசினார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் நவம்பரில் துரைசானி ஐம்பது அட்டை கேட்டு அனுப்பினாள். சிரம்பான் கிளப்பில் பட்டாளத்துக்காரர்களுக்காக ஒரு விற்பனையாம். திருநாவுக்கரசு கேட்ட மாத்திரத்தில் தலையாட்டிவிட்டு வந்தார். சௌந்தரவல்லி செய்ய மாட்டேன் என்றாள். தன் பெயர் போட்டால்தான் செய்வேன், இல்லாவிட்டால் நீங்களே வரைந்து கொடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவருக்கு வியர்த்துவிட்டது. சரி, சரி, உன் பெயரையே போடு என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். யார் தலை என்று அவள் கவனித்திருக்க வேண்டும். மேசையில் இருந்த பூனையின் தலை.

அவள் ஒரு மாதம் செய்தாள். ஒன்றைப் போல ஒன்று இல்லாமல், ஒவ்வொன்றிலும் மலை வேறு மாதிரி இறங்கியது. பின்பக்கம் மெல்லிய நிப்பால் இங்கிலீஷில் சௌந்தரவல்லி என்று சின்னதாக எழுதினாள். எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் அடுக்கிக் கொடுத்தபோது அவளுக்கு இருந்த சந்தோஷத்தை அந்த வீட்டில் அதற்கு முன்னால் அவள் கண்டதில்லை.

திருநாவுக்கரசு டின்னை நேரே பங்களாவுக்குக் கொண்டுபோகவில்லை. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கதவைத் தாழ் போட்டார். ஆபீஸ் லேபிளைத் துண்டு துண்டாக வெட்டி, தன் பெயரை டைப் அடித்து, அவள் பெயர்மேல் ஒவ்வொன்றாக ஒட்டினார். அதோடு விட்டிருந்தால் அவர் வழக்கமான திருட்டோடு போயிருக்கும். ஒட்டி முடித்து அட்டைகளைப் பார்த்தபோது அவருக்கு ஏதோ குறைந்தது. ஒரு காகிதம், அதுவும் துரைசானி கைக்குப் போகிற காகிதம், சாப்பா இல்லாமல் மொட்டையாக இருக்கிறது! போன வருஷம் பங்களாவில் கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் ஒரு நட்சத்திரம் பார்த்த ஞாபகம் வந்தது. மரவள்ளிக் கிழங்கு ஒன்றை வாங்கிவரச் சொல்லி, பேனாக்கத்தியால் ஐந்து முனை வெட்டி, சிவப்பு மையில் தோய்த்துக் குத்தினார். ஒன்று குத்தியதும் கை தானாக ஓடியது. டக், டக், டக். அட்டைக்கு மூன்று.

மறுநாள் துரையின் காரோட்டி டின்னை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். கோலா கிளாவாங் பக்கத்துச் சாலைத் தடுப்பில் மூடியைத் திறந்து பார்த்த போலீஸ்காரன் இரண்டடி பின்னால் போனானாம்.

மத்தியானம் ஜீப் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் தோட்டி மாயாண்டி கிராணி வீட்டுக்கு ஓடிவந்தான். அம்மா உடனே வரணுமாம், அட்டையில கம்யூனிஸ்டு சாப்பா இருக்குதாம், அதை நீங்கதான் செஞ்சீங்கன்னு ஐயா சொல்லிட்டாரு என்றான் மூச்சு வாங்க. சௌந்தரவல்லி சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். வழியெல்லாம் அவள் மனத்தில் ஒன்றுதான் ஓடியது. மூன்று வருஷமாக எந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. போலீசுக்கு ஆள் காட்ட வேண்டி வந்தபோது வந்துவிட்டது.

ஆபீசில் துரை, துரைசானி, மூக்கு வெயிலில் உரிந்துபோன ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, துப்பாக்கியோடு இரண்டு பேர். அந்தக் காலத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், விசாரணை இல்லாமல் முகாமில் அடைக்கலாம், கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பலாம். திருநாவுக்கரசு சுவரோரம் நின்றார். வலது கை கால்சட்டைப் பையில் இருந்தது. துரை முன்னால் அவர் பையில் கைவிட்டு நின்றதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

மேசையில் அட்டைகள் பரப்பிக் கிடந்தன. சௌந்தரவல்லிக்குப் பயம் வரவில்லை. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் பார்த்துப் பார்த்து இறக்கிய பனியின் நட்டநடுவில் மூன்று சிவப்புப் புண்கள். அழுத்திய அழுத்தில் மை பிதுங்கி, உப்புப் பூத்த இடத்திலெல்லாம் ஊறி ஓடியிருந்தது. ஐம்பதிலும் அப்படித்தான். செத்துப்போன பிள்ளைகளை வரிசையாகக் கிடத்தியதைப் போல இருந்தது அவளுக்கு.

அதிகாரி ஓர் அட்டையைத் திருப்பினான். பின்னால் திருநாவுக்கரசு என்ற லேபிள். அப்போது கிராணியார் செய்த காரியத்தைச் சௌந்தரவல்லி கடைசிவரை மறக்கவில்லை. அவர் முன்னால் வந்து இடது கையால் அட்டையை வாங்கி, லேபிளை நகத்தால் சுரண்டி உரித்தார். அடியில் இருந்த அவள் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். பாருங்கள், அவள் பெயர்தான் எழுதியிருக்கிறது, அவள் செய்ததுதான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று இங்கிலீஷில் சொன்னார். எச்சில் தொட்டு அந்தப் பசையைக்கூடத் துடைத்துவிட்டார், பெயர் நன்றாகத் தெரியட்டும் என்று.

நீதான் செய்தாயா என்று அதிகாரி மலாயில் கேட்டான். இல்லை என்று சொல்ல அவளுக்கு வழி இருந்தது. மூன்று வருஷமாக நாலு தோட்டத்துத் துரைமார் கேட்க அவரே பெருமையடித்திருக்கிறார், துரைசானியே சாட்சி. ஒரு வார்த்தை போதும், அவர் ஜீப்பில் ஏறுவார். சௌந்தரவல்லி மேசையைப் பார்த்தாள். கெட்டுப்போய்க் கிடந்தாலும் அவள் அட்டைகள். அவற்றை வேறு ஒருத்தன் தலையில் கட்டிவிட்டுத் தான் தப்பிக்க அவளுக்கு மனம் வரவில்லை, அந்த ஒருத்தனிடம் அவை இன்னொரு முறை போய்ச் சேரவும் பொறுக்கவில்லை. அவள் துரையைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்.

"படம் நான் போட்டது தொரை. அம்பதும் நான் போட்டது. அந்த நட்சத்திரம் மட்டும் அவரு குத்துனது. பையில இருக்கிற கையை எடுக்கச் சொல்லுங்க."

கை வெளியே வந்தது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்திருந்தன. கிராணியார் மரவள்ளி அச்சைப் பிடித்த லட்சணம் அப்படி. துரை அந்த விரல்களைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், ஏன் மூன்று என்று கேட்டார்.

திருநாவுக்கரசு சிவந்த கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "எல்லாப் பேப்பருக்கும் மூணு சாப்பா குத்துறதுதானே தொரை வழக்கம்" என்றார். உண்மையிலேயே அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

துரை அதிகாரியைப் பார்த்தார். பிறகு துரை சிரிக்க ஆரம்பித்தார். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அதிகாரிக்கு இங்கிலீஷில் விளக்கினார், அவனும் சிரித்தான். துப்பாக்கிக்காரர்களுக்கு ஒன்றும் புரியாமலே சிரிப்பு வந்தது. "கிராணி கம்யூனிஸ்ட் இல்லை" என்றார் துரை, தோட்டத்தில் பழகிய தமிழில். "அதுக்கு மூளை வேணும்." அதைக் கேட்டு எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் திருநாவுக்கரசு. சௌந்தரவல்லி தரையைப் பார்த்துக்கொண்டாள். அவருக்காக வெட்கப்பட்டு அல்ல, அந்த அறையில் அவரோடு சேர்த்து எண்ணப்படுகிற ஒருத்தி தான் என்பதற்காக.

ஆனாலும் அட்டைகளை அப்படியே விட முடியாது, எரித்துவிட வேண்டும் என்றான் அதிகாரி. திருநாவுக்கரசு முந்திக்கொண்டு தகர டிரம்மைத் தானே உருட்டிவந்தார், தானே தீ வைத்தார், ஒன்றிரண்டு பறந்துவிடாமல் குச்சியால் அமுக்கினார். துரைசானி அப்போதுதான் முதல் முறையாகச் சௌந்தரவல்லியின் முகத்தைப் பார்த்தாள். செவிடரிடம் பேசுகிற மாதிரி மெதுவாக, உரக்க, இன்னும் ஐம்பது செய்ய முடியுமா, இரண்டு வாரம் இருக்கிறது, இந்த முறை வெறும் பனி மட்டும் போதும் என்றாள். இந்த அட்டைகள் யாருடையவை என்று தெரிந்துகொண்டதில் அவளுக்கு வேறு எந்தச் சலனமும் இல்லை. சௌந்தரவல்லி பதில் சொல்வதற்குள், செய்வாள் மேடம் என்று டிரம்முக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது திருநாவுக்கரசின் நடையில் துள்ளல் இருந்தது. தப்பித்தோம் என்றார். துரை எப்படிச் சிரித்தார் பார்த்தாயா, நான் சொன்னதைக் கேட்டுத்தான் சிரித்தார், இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வள்ளி, இனிமே அட்டையில உன் பேரையே போட்டுக்க லா. லேபிள் கீபிள் ஒண்ணும் வேணாம். நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு இருக்கணும் பாரு."

சௌந்தரவல்லி வாசல்படியில் நின்றாள். மூன்று வருஷம் கெஞ்சிக் கேட்டது இப்போது கைக்கு வந்தது, அவருக்குச் சுட்டது என்று கீழே போட்டதால். வேண்டாம் என்று முகத்தில் எறியலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எறிந்தால் நட்டம் யாருக்கு? அவள் பெயர் அது.

"போடுறேன்" என்றாள். "ஆனா திருமதின்னு போட மாட்டேன். உங்க பேரு அதுல எந்த மூலையிலயும் வராது. இன்னாரு பொண்டாட்டின்னு யாருக்கும் தெரியக் கூடாது. எனக்கு அது வெக்கமா இருக்கு."

ஒரு மனுஷனிடம் ஒரு பெண்பிள்ளை சொல்லக்கூடியதில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று அவள் நினைத்தாள். திருநாவுக்கரசு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார். முகத்தில் இருந்த கவலையெல்லாம் வடிந்து தெளிவாகிவிட்டது.

"அதான் நல்லது" என்றார். "அப்படியே செய்யி. நமக்கு எதுக்கு வம்பு?"

அன்றோடு சௌந்தரவல்லிக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. கோபப்படுவதற்கு அந்த இடத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டுமே.